உடலரணும் பூஞ்சணப் பகையும்

மழைக்காலத்திலே நூல்நிலையத்துப் பழைய ஏடுகளின்மேலும், ஊறுகாய்ச் சாடியின் வாயிலும், ஈரம் படிந்த தோற்செருப்பின்மீதும் வெண்ணிறமாகவும் பசுநிறமாகவும் படரும் பூஞ்சணத்தை யாவருங் கண்டிருப்பர். கண்டவர் அதனைத் துடைத்தெறிந்து, அப்பொழுதே மறந்தும் விடுவர். ஆயின், அப்பூஞ்சணத்தினின்றும் எழுகின்ற நுண்வித்துக்கள் கண்ணுக்குப் புலனாகாவாய்க் காற்றெங்கும் நிறைந்துள்ளன. நாம் உள்ளிழுக்கும் மூச்சோடு அவை நாள்தோறும் நுரையீரலுட் புகுந்துகொண்டே இருக்கின்றன. ஏட்டையும் மரத்தையும் தோலையும் தின்றழிக்கவல்ல அவ்வுயிர், நம் நுரையீரலை மட்டும் தின்னாது விடுவது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சுருங்கக் கூறின், நாம் பிறக்கும்போதே நம்முடன் பிறந்த ஒரு காவற்படை இரவும் பகலும் விழித்திருத்தலினாலே என்க. அப்படையில் ஒரே ஒரு புரதம் குறைந்தவிடத்து நேர்வது யாதென்று அறிந்த பின்னரே அதன் அருமை நன்கு விளங்கும்.

முதற்கண் பகைவனை அறிதல் வேண்டும். பூஞ்சணம் செடிகொடிகளின் இனத்தைச் சேர்ந்ததன்று, விலங்கினமுமன்று, தனக்கென வேறொரு குலமுடையது. ரொட்டியைப் பொங்கச் செய்யும் ஈஸ்டும், குப்பையில் முளைக்கும் காளானும், தோலிற் படரும் படர்தாமரையும் அக்குலத்தனவே. அறிஞர் இதுகாறும் பெயரிட்ட வகைகள் ஏறக்குறைய 1,50,000 ஆகும். அவற்றுள் மனிதனுக்குத் தீங்கு செய்வன சில நூறே. இதற்கு ஒரு காரணம் நமது உடற்சூடு. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, வெப்பம் 30 பாகையிலிருந்து 40 பாகை வரை உயருங்கால், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 6 விழுக்காடு பூஞ்சணங்கள் வளரும் ஆற்றலை இழக்கின்றன என்று காட்டப்பட்டது. ஆகவே 37 பாகை வெப்பமுள்ள நம் குருதியே முதல் மதிலாய் அமைந்துள்ளது எனலாம்.

அம்மதிலைக் கடக்கவல்லன சில உள. அவற்றுள் ஒன்று ஆஸ்பெர்ஜில்லஸ் என்பது. 1729-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுத் தாவரநூற் புலவராகிய மிக்கேலி என்பார் அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியிற் கண்டு, அது தேவாலயங்களில் தீர்த்தம் தெளிக்குங் கருவியின் வடிவை ஒத்திருத்தலின் அக்கருவியின் பெயரையே அதற்கு இட்டார். தூய நீர் தெளிக்குங் கருவியின் பெயர் பூண்ட அப்பூஞ்சணம், காவல் தளர்ந்த நுரையீரலிற் கொடிபோற் படர்ந்து உயிரைக் கொள்ளுதலும் உண்டு. மற்றொன்று காண்டிடா என்பது. இது நம்மிற் பலருடைய வாயிலும் குடலிலும் குடியிருப்பது. குழந்தைகளின் நாவிற் காணும் அக்கரத்துக்கு இதுவே காரணம். பெரும்பாலும் இது வாயிலையும் திண்ணையையும் கடந்து உள்ளே வருவதில்லை. உள்ளே வந்ததாயின் குருதியிலும் மூளையிலும் பரவிக் கொடிய நோயாகின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்ட கொடிய பூஞ்சணங்களின் வரிசையில் 19 இனங்கள் இடம்பெற்றன. அவற்றுள் தலையாய நான்கனுள் இவ்விரண்டும் அடங்கும்.

இனி, நம் காவற்படையைக் காண்போம். உடலின் காப்பாற்றல் இருதிறப்படும். ஒன்று கற்றறிந்த காப்பு. அம்மைப்பால் குத்துவதனால் உண்டாவது போன்றது. பகைவனை ஒருமுறை கண்டு, அவனை நினைவில் இருத்தி, மறுமுறை வருங்கால் விரைந்து தாக்குவது அது. மற்றொன்று பிறவிக் காப்பு. இஃது எவரிடத்தும் கற்றதன்று. பகைவன் புகுந்த அந்த நாழிகையிலேயே தொழிற்படுவது. நெடுங்காலம் மருத்துவர் முன்னதனையே பெரிதும் போற்றினர். பின்னதனைப் பொதுப்படையான ஒரு காவலென்று எண்ணியிருந்தனர். பூஞ்சண நோய்களே அவ்வெண்ணத்தை மாற்றின.

பிறவிக் காப்பை உலகுக்கு உணர்த்தியவர் ருஷிய அறிஞர் மெச்னிகாவ் ஆவர். 1882-ஆம் ஆண்டில் மெஸ்ஸீனா நகரத்துக் கடற்கரையிலே, பளிங்குபோல் உள்ளுறுப்புத் தெரியும் விண்மீன் குஞ்சுகளின் உடலில் அவர் முட்களைச் செருகிவைத்தார். மறுநாள் நோக்கியபோது, அலைந்து திரியும் அணுக்கள் வந்து அம்முட்களைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். 1884-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வியக்கத்தக்கது. நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஒருவகைப் பூஞ்சணம் பற்றும். ஊசிபோன்ற அதன் வித்துக்கள் உணவோடு சென்று குடற்சுவரைத் துளைத்து உள்ளே புகும். புகுந்த வித்துக்களை வெள்ளணுக்கள் சூழ்ந்து விழுங்கிக் கரைத்துவிடின் அவ்வுயிர் பிழைக்கும். வித்து முந்தி முளைத்துவிடின் மாளும். அணுக்கள் நோயோடு பொருது வெல்லுதலை மெச்னிகாவ் விளங்கக் காட்டிய இந்த முதல் நோய், ஒரு பூஞ்சண நோயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1908-ஆம் ஆண்டில் அவருக்கும் எர்லிக் என்பவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அற்றேல், அவ்வணுக்கள் பகைவனைப் பகைவனென்று எங்ஙனம் அறிகின்றன? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெளிவான விடை கிட்டியது. பழத்தை மொய்க்கும் சிறு ஈயினிடத்து 'டோல்' என்னும் பெயருடைய ஒரு புரதம் உண்டு. அது கருவிலே ஈயின் முதுகுப்புறம் இது, வயிற்றுப்புறம் இது என வகுப்பதற்கு உதவுவது என்றே முதலில் அறிந்திருந்தனர். 1996-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் ஹாப்மன் என்பாரும் அவருடைய மாணாக்கரும் அப்புரதத்தின் தொழில் கெட்ட ஈக்களைப் பூஞ்சணத்தின் முன் விட்டுப் பார்த்தனர். ஏனைய ஈக்கள் பிழைத்தன. இவையோ சின்னாட்களில் மாண்டன. ஈயின் உடலெங்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் மயிர்போல் முளைத்து மூடியிருந்த படம், அக்காலத்து அறிஞர் பலரையும் திகைக்கச் செய்தது. ஒரே ஒரு புரதம் இல்லாமையால் ஓருயிர் பூஞ்சணத்துக்கு இரையாயிற்று என்பதே அப்படம் கூறிய செய்தி. 2011-ஆம் ஆண்டில் ஹாப்மன் நோபெல் பரிசு பெற்றார்.

ஈயினிடத்துக் கண்டது மனிதனிடத்தும் உண்டோ? உண்டு. அதனை விளக்குதற்கு ஓர் அரணை உவமையாகக் கொள்வோம். அரணைக் காப்பதற்கு மூவர் வேண்டும்: பகைவரைக் கண்டறியும் வாயிற்காவலன், கண்டதை உள்ளே சென்று உரைக்கும் தூதன், படைக்கலம் ஏந்திப் பொரும் மறவன். பூஞ்சணத்தின் புறச்சுவரில் பீட்டா குளூக்கன் என்னும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டு. அது நம் உடலணுக்களில் இல்லாதது. ஆதலின் அதுவே பகைவரின் கொடி போன்றது. அக்கொடியைக் கண்டறியும் காவலனாக நம் வெள்ளணுக்களின் மேற்புறத்தே நிற்பது டெக்டின்-1 என்னும் புரதம் என்று 2001-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு அறிஞர் கண்டனர். டெக்டின்-2, மின்கிள் என வேறு காவலரும் உளர். அவர்கள் பூஞ்சணத்தின் வேறு அடையாளங்களை நோக்குவர். இக்காவலர் தரும் செய்தியை அணுவின் உள்ளே பெற்றுச் செல்லும் தூதன் கார்டு-9 என்னும் புரதம். அது 536 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை. அத்தூதன் சென்று உரைத்த பின்னரே அணுவின் கருவிலுள்ள மரபணுக்கள் விழித்து, துணைப்படையை வரவழைக்கும் பொருள்களை ஆக்குகின்றன.

இத்தூதன் பிறவியிலேயே இல்லாத மக்களும் உளர். 2009-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டுப் பெருங்குடும்பம் ஒன்றைப்பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. ஐந்து தலைமுறை கொண்ட அக்குடும்பத்தார் தமக்குள்ளேயே மணவினை செய்துகொண்டவர். அறிஞர் அவருள் 36 பேரை ஆராய்ந்தனர். நால்வர்க்குப் பூஞ்சண நோய் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. வேறு மூவர் இளமையிலேயே இறந்திருந்தனர். அம்மூவருள் இருவர் காண்டிடா மூளையிற் பரவியதனால் மாண்டவர். நோயுற்றவரிடத்துக் கார்டு-9-க்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றத்தால் அப்புரதம் 295-ஆம் இடத்தில், பாதி வழியிலேயே, அறுந்து நின்றது. ஓர் எழுத்துப் பிழைத்தால் செய்யுளின் பொருள் கெடுதலைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஈண்டு ஓர் எழுத்துப் பிழைத்ததனால் உயிரே கெட்டது.

அதே ஆண்டிலே டெக்டின்-1 குறைந்த ஒரு டச்சுக் குடும்பத்தின் வரலாறும் வெளிவந்தது. அவர்களுக்கு நேர்ந்தது நகச்சொத்தையும், உடலின் ஈரத்தோலிற் காணும் காண்டிடா நோயுமே. உயிருக்கு இடர் நேரவில்லை. இவ்விரண்டனையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். வாயிற்காவலருள் ஒருவன் இல்லையாயினும் ஏனைய காவலர் உளர். அவர் கண்டு கூறுவர். தூதனோ ஒருவனே. அவன் இல்லையாயின் காவலர் எத்துணைப் பேர் கண்டு கூவினும் உள்ளிருப்போர் செவிக்கு அஃது எட்டாது.

படர்தாமரையை அற்ப நோயென்று நாம் எண்ணுகிறோம். அதனை உண்டாக்கும் பூஞ்சணம் தோலின் இறந்த மேற்படையோடு நின்றுவிடுதலே அதற்குக் காரணம். ஆயின் அல்ஜீரியா, டுனீசியா, மொராக்கோ என்னும் வட ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 8 குடும்பங்களில் 17 பேர்க்கு அது தோலை ஊடுருவி ஆழச்சென்றது. சிலர்க்கு உள்ளுறுப்புக்களையும் பற்றியது. நால்வர் 28, 29, 37, 39 என்னும் வயதுகளில் இறந்தனர். அப்பதினெழுவரும் கார்டு-9 குறைந்தவர் என்று 2013-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பகைவன் அதே பகைவன். நம் தெருக்களில் திரியும் எளியவன். அவனைக் கொடியவனாக்கியது காவலின் குறையே. இன்னும் வியப்பு யாதெனின், இவர்களுக்குப் பாக்டீரியாக்களாலும் வைரசுகளாலும் வரும் நோய்கள் பெரும்பாலும் மற்றையோர்க்குப் போலவே வந்து நீங்கின. ஆகவே பிறவிக் காப்பு என்பது கண்மூடித்தனமான பொதுக்காவலன்று. ஒவ்வொரு வாயிலுக்கும் உரிய காவல் தனித்தனியே அமைந்துள்ளது.

பூஞ்சணம் இவர்களுடைய மூளையை நாடுவது ஏன் என்ற ஐயம் எழலாம். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எலிகளிடத்து நடத்திய ஆராய்ச்சி இதற்கு ஒளி தந்தது. மூளையில் மைக்ரோகிளியா என்னும் காவலணுக்கள் உண்டு. காண்டிடா உமிழும் நஞ்சை அவை உணர்ந்து, கார்டு-9 வழியாக, நியூட்ரோபில் என்னும் வெள்ளணுப் படையைக் குருதியினின்றும் மூளைக்கு அழைக்கின்றன. தூதன் இல்லாத எலிகளில் அவ்வழைப்புப் போதிய அளவு எழவில்லை. குருதியிலே படை நிறைந்திருந்தும் மூளையில் அது வந்து சேரவில்லை.

நிற்க. காவலனும் தூதனும் இருந்து, மறவன் கையிற் படைக்கலம் இல்லாத நிலையும் உண்டு. வெள்ளணு பகைவனை விழுங்கியவுடன் பிராணவாயுவை மிகுதியாக உட்கொண்டு, சில புரதங்கள் கூடியமைந்த ஒரு பொறியினால் அதனைக் கடுமையான நச்சுப்பொருளாக மாற்றுகிறது; அதன் துணைகொண்டே பகைவனைக் கொல்கிறது. அப்பொறியின் ஒரு புரதம் குறைந்தால் வெள்ளணு விழுங்கும். ஆனால் கொல்ல மாட்டாது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மினசோட்டா மருத்துவர் இந்நோயைக் குழந்தைகளிடத்துக் கண்டு விவரித்தனர். உயிர் கொல்லும் நோய் என்பது அவர்கள் இட்ட பெயரிலேயே அடங்கியிருந்தது. இன்று அது நாட்பட்ட குருணைக்கட்டி நோய் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 2,00,000 பேர்க்கு ஒருவர் இக்குறையோடு பிறக்கின்றனர். இவர்களைப் பாக்டீரியாக்களும் தாக்கும். எனினும் இவர்களுக்கு எமனாய் வருவதில் தலைசிறந்தது ஆஸ்பெர்ஜில்லஸ். மக்கிய இலைக்குவியலைக் கிளறுவது பிறர்க்கு வெறுந் தோட்டவேலை. இவர்க்கோ, அதினின்று எழும் வித்துக்களை ஒருங்கே உட்கொள்ள நேர்தலின், சின்னாட்களில் உயிரைப் போக்கவல்ல நுரையீரல் நோய்க்கு அதுவே வாயிலாகும்.

இங்ஙனம் குறையின் வேரை அறிதலால் பயன் யாது என்பார்க்கு இந்நோயே விடையாகும். 1986-ஆம் ஆண்டில் இதற்குரிய மரபணு ஒன்று பாஸ்டன் நகரில் கண்டெடுக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் இந்நோயாளர் 39 பேரை வைத்து ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. நோய் வரும் முன்னரே இட்ராகோனசோல் என்னும் பூஞ்சணக்கொல்லி மருந்தை ஓராண்டும், மருந்தற்ற போலி உருண்டையை ஓராண்டுமாக மாற்றி மாற்றி அளித்தனர். போலி உருண்டை உண்ட காலத்தில் எழுவர்க்குக் கடும் பூஞ்சண நோய் வந்தது. மருந்து அளித்த காலத்தில் ஒருவர்க்கே வந்தது. அவரும் மருந்தை ஒழுங்காக உண்ணாதவர். எலும்பின் உட்சோற்றை மாற்றி வைத்து இந்நோயை அடியோடு தீர்த்தலும் இன்று கூடும். கார்டு-9 குறைந்தோருள்ளும் சிலர் அம்முறையால் நலம் பெற்றுள்ளனர். நோயையும் நோயின் முதலையும் நாடுக என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்திற் கூறியது எத்துணைப் பொருத்தம்!

பிறவிக் குறை இல்லாதவர்க்கும் இக்காவல் தளர்தல் கூடும். 2021-ஆம் ஆண்டில் கோவிட் கொள்ளைநோயின் இரண்டாம் அலையிலே நம் நாட்டிற் பரவிய கறுப்புப் பூஞ்சை நோயை எவரும் மறந்திரார். கண்ணை இழந்தோரும் உயிரை இழந்தோரும் பலர். அவர்களுட் பெரும்பாலார் நீரிழிவு கட்டுக்கடங்காதவர் அல்லது ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாக உட்கொண்டவர். சர்க்கரை மிகுதியும் அம்மருந்தும் வெள்ளணுக்களைச் சோர்வடையச் செய்யும். ஆங்கும் பூஞ்சணம் புதிதன்று. மண்ணிலும் காற்றிலும் என்றும் இருந்ததே. காவல் தளர்ந்ததே புதிது.

இறுதியாக, மனத்தை வருத்தும் ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. ஒரு வீட்டில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராய் இனமறியா நோயால் மடியுங்கால், அயலார் நாவில் முதலில் எழுவன சாபம், தோஷம், முன்னோர் செய்த பாவம் என்னும் சொற்களே. பல வீடுகளில் பழி தாயின் தலையிலேயே விழும். உண்மையோ வேறு. மரபணுக்களுட் பெரும்பாலன நம்மிடம் இரு படிகளாக உள்ளன. ஒரு படி தந்தை தருவது, மற்றொன்று தாய் தருவது. கார்டு-9-ஐப் பொறுத்தவரை, ஒரு படி பழுதாயினும் மற்றது போதும். ஆகவே பழுதைத் தாங்கிய பெற்றோர் நலமாகவே வாழ்வர். இருவரும் பழுதான படியையே தரநேர்ந்த பிள்ளைக்குத்தான் நோய். அவ்வாறு நேர்தற்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. இதில் தாய்க்கும் தந்தைக்கும் பங்கு ஒன்றே; குற்றம் இருவர்க்கும் இல்லை. குருணைக்கட்டி நோயில் பெரும்பான்மை, தாயிடமுள்ள எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண்மக்களுக்கு வருவது. அங்கும் தாய் அறிந்து செய்தது யாதுமில்லை; தன் தாய் தனக்குத் தந்ததையே அவள் தந்தாள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பாவஞ் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றோரோ என்று வினவியபோது, நம் ஆண்டவர் இரண்டையும் மறுத்தருளினார் என்பதைத் திருமறை பயில்வோர் அறிவர். அம்மறுப்பின் பொருளை மரபணு நூல் நமக்கு வேறொரு வகையால் விளக்குகின்றது.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணத்தல் நம் தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். ஒரு குடியில் மறைந்து கிடக்கும் பழுதான படி இரண்டும் ஒரு பிள்ளையிடத்து வந்து கூடுதற்கு உறவு மணம் வழியைப் பெருக்குகின்றது. உறவில் மணந்தோர் அனைவர்க்கும் தீங்கு நேரும் என்பது இதன் பொருளன்று. அவருட் பெரும்பாலோர் நலமுள்ள மக்களையே பெறுகின்றனர். எனினும், இளமையில் இறந்தோரும் தீராப் பூஞ்சண நோயுற்றோரும் உள்ள குடியிலே மீண்டும் உறவு மணம் பேசுங்கால், மருத்துவரை ஒருமுறை உசாவுதல் அறிவுடைமையாகும். மருத்துவரும், காரணம் தெரியாது மூளையையோ நுரையீரலையோ பூஞ்சணம் பற்றிய இளையோரைக் காணுங்கால், மருந்தெழுதுவதோடு நில்லாது, உடன்பிறந்தார் எத்துணைப் பேர், அவருள் எவரேனும் இங்ஙனம் இறந்தனரோ என்று கேட்பாராயின், அவ்வொரு கேள்வி அடுத்த பிள்ளையின் உயிரைக் காக்கும்.

அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனுள் நின்று தொழில் புரிவோர் இல்லையேல் அது பயனற்றது என்னும் கருத்து, வள்ளுவர் அரணைப்பற்றிக் கூறிய அதிகாரத்தில் உள்ளது. நம் உடலரணில் பெயரறியாத காவலர் எண்ணற்றோர் கூலியின்றி விழித்திருக்கின்றனர். அவருள் ஒருவரை இழந்து பிறந்தோர் பட்ட துன்பத்தினாலேயே ஏனையோராகிய நாம் அக்காவலரின் பெயரை அறிந்தோம். ஈரானிலும் வட ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் தம் குருதியை ஆராய்ச்சிக்கு ஈந்த அக்குடும்பத்தார் உலகுக்குச் செய்த உதவி பெரிது. அவர்கள்பால் நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி, அவ்வறிவை நம் ஊர்களுக்குக் கொண்டுசென்று, நோயுற்ற வீட்டாரைப் பழியினின்றும் விடுவித்தலேயாம்.